சித்திக்குத் தலைசுத்துகிறது

மதுரை,
10.06.2024

அன்புள்ள அக்கா நாகஜோதிக்கு,

தம்பி பால்பாண்டி, மதுரை ஜெயிலிலிருந்து. சிமெண்ட் தரையில் படுப்பதால் இடுப்பு வலிக்கிறது, மற்றபடி உடம்பு பரவாயில்லை. நீ, மச்சான், சித்தி மூன்று பேரும் நல்லபடியாக இருக்கிறீர்களா?

போன வாரம் இங்கிருந்து போன் போட்டேன். 'அக்கா' என்று சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டாய். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. போனில் பேசப் பிடிக்காதவள் கடிதத்தையாவது படிப்பாள் என்று தாள் வாங்கி எழுதுகிறேன். ஒன்று தெரிந்துகொள். இங்கிருந்து போகிற கடிதத்தையும் இங்கே வருகிற கடிதத்தையும் ஆபீசில் படித்துப் பார்த்து முத்திரை குத்தித்தான் விடுவார்கள். நீயும் பார்த்து எழுது.

என் மேல் போட்டிருப்பது பொய்க் கேஸ். மடவார் வளாகம் ஐயாதுரை முதலாளி தன்னுடைய தோப்புக் கிணற்றில் விழுந்து செத்துப்போனார். வயதான மனுஷன், தலைசுத்தி விழுந்தார். அவர் மகன்கள் இரண்டு பேரும் தென்னந்தோப்புக்கு ஆசைப்பட்டு, என்னைக் கூலிக்குப் பிடித்து அவரைத் தள்ளிவிடச் சொன்னதாகப் போலீஸ் எழுதி வைத்திருக்கிறது. அந்த மகன்கள் ஜாமீனில் போய் ஜாம்ஜாம் என்று தேங்காய் யாவாரம் பார்க்கிறார்கள். எனக்கு வக்கீல் வைத்துக் கொடுத்ததோடு சரி, ஒரு நாள் எட்டிப் பார்க்கவில்லை. நான் இங்கே ஒரு வருஷமாகக் கிடக்கிறேன்.

ஆகஸ்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் சாட்சி விசாரணை. வந்தால் தூரத்திலிருந்தாவது பார்த்துக்கொள்ளலாம். சித்தியையும் கூட்டி வா. அவள் முழங்கால் எப்படி இருக்கிறது? பஞ்சாலையில் நின்று நின்று போன முழங்கால் அது. அம்மா போன பிறகு அப்பா கட்டிக்கொண்டு வந்தவள், ஆறு வயதிலிருந்து எனக்குச் சோறு போட்டவள். அவளைக் கேட்டதாகச் சொல்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தம்பி பால்பாண்டி


ராஜபாளையம்,
02.07.2024

பால்பாண்டிக்கு,

நாகஜோதி எழுதுகிறேன். இங்கே யாருக்கும் காய்ச்சல், தலைவலி இல்லை. உன் உடம்பு எப்படி என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் கேட்கவில்லை.

இனிமேல் போன் போடாதே. உன் குரலைக் கேட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்குவதில்லை. எழுதுவதானால் எழுது, தாளைத் தொடுவதற்கு மட்டும்தான் கொஞ்சம் தைரியம் இருக்கிறது. அதையும் வாசலிலேயே வைத்துப் படித்துவிட்டுக் கையைக் கழுவுகிறேன்.

பொய்க் கேஸ் என்று எழுதியிருக்கிறாய். ஜெயிலில் படிப்பவர்களுக்காக அதை எழுதினாயா, எனக்காக எழுதினாயா? உனக்கு வேலை வெட்டி ஒன்றும் கிடையாது. ஆனாலும் புது பைக், கழுத்தில் செயின். கேட்டால் 'புரோக்கர் வேலை பாக்கேன்க்கா' என்பாய். நானும் நிலம் விற்கிற புரோக்கர் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது தெருவே சிரிக்கிறது. தளவாய்புரம் கம்பெனியில் எனக்கு நைட்டி தைக்கப் பீஸ் கொடுப்பதை ஒரு மாதம் நிறுத்தி வைத்துவிட்டார்கள். 'கொலகாரன் வீட்டுல தச்சதுன்னு தெரிஞ்சா எவ வாங்குவா' என்று கணக்குப்பிள்ளை நேராகவே கேட்டான்.

உன் சித்திக்கு என்ன, நன்றாகத்தான் இருக்கிறாள். மூன்று வேளையும் உட்கார்ந்த இடத்தில் தட்டு. வீடு அவள் பேரில் இருக்கிறதே, அந்த மிதப்பு. நாலு வழிச்சாலைக்கு அளந்து கல் நட்டுவிட்டார்கள். நம் வீடு ரோட்டு முகப்புக்கு வந்துவிடும் என்று ஆளாளுக்கு வந்து விலை கேட்கிறார்கள். அந்த வாசனை ஆலங்குளம் வரைக்கும் அடித்திருக்கிறது போல. அவளுடைய அக்கா மகள் ஜெயசித்ரா வாரம் தவறாமல் வந்து கால் பிடித்துவிட்டுப் போகிறாள்.

கோர்ட்டுக்கு நாங்கள் யாரும் வரமாட்டோம்.

இப்படிக்கு
நாகஜோதி


மதுரை,
22.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திட்டி எழுதினாலும் நாலு பக்கம் எழுதியிருந்தாயே, அதுவே போதும். இடுப்பு வலிக்குத் தைலம் கொடுத்திருக்கிறார்கள். மச்சானுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா?

சித்தியைக் கரித்துக்கொட்டாதே. அந்த வீட்டில் அப்பா லாரி ஓட்டிப் போட்டது பாதி என்றால் அவள் மில் சம்பளம் மீதி. அவள் பேரில் இருப்பதில் என்ன தப்பு? அவளுக்குத் தனியாக ஒரு கார்டு போட்டிருக்கிறேன். எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள். கையில் கொடு.

விசாரணையில் முதல் சாட்சி வினோத். எனக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பயல்தான். போலீஸ் பக்கம் அப்ரூவராகப் போய்விட்டான். தினமும் என் காசில் புரோட்டா தின்றவன். அவன் என்ன சொன்னாலும் நம்பாதே.

அன்புடன்
பால்பாண்டி


ராஜபாளையம்,
25.08.2024

பால்பாண்டிக்கு,

இங்கே எல்லாரும் இருக்கிறோம். உன் மச்சானுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது.

வரமாட்டேன் என்று எழுதியவள் வந்தேன். 'ஒந் தம்பி என்னதான் பண்ணான்னு ஒரு தரம் காதால கேட்டுருவமே' என்று உன் மச்சான் சமுத்திரம்தான் பிடிவாதமாகக் கூட்டி வந்தார். நீ எங்களைப் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சில் இருந்தோம்.

வினோத் கூண்டில் ஏறிச் சொன்னதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் நீ ஜட்ஜ் முன்னால் ஒன்றும் அறியாதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன், அதனால் எழுதுகிறேன். 'அண்ணன் மொதல்ல மக்கமாருகிட்ட ஒண்ணுதான் சொல்லும். பெருசுக்குத் தலசுத்துதுன்னு ரெண்டு மாசம் தெருவுல சொல்லி வைங்க. ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தரம் கூட்டிட்டுப் போங்க. பொறவு அவிய விழுந்தா ஒருத்தனும் ஏன்னு கேக்க மாட்டான்' என்று அவன் ஒப்பித்தான். பெரியவரை வீட்டிலிருந்து தோப்பு மோட்டார் ரூமுக்கு மாற்றச் சொன்னதும் நீயாம். காற்றோட்டமாக இருக்கும் என்று சொல்லி மாற்றினார்களாம். அவரும் பிள்ளைகளுக்குத் தன் மேல் எவ்வளவு அக்கறை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. வெளியே வந்து கோர்ட்டுச் சுவர் ஓரத்தில் வாந்தி எடுத்தேன். இப்படி ஒருத்தனோடு ஒரே தட்டில் தின்று வளர்ந்திருக்கிறேனே என்று உடம்பெல்லாம் அருவருத்தது.

உன் மச்சான் மட்டும் கடைசி வரைக்கும் இருந்து கேட்டார். பஸ்ஸில் வரும்போதும் அதே பேச்சு. 'செத்த நேரத்து வேல, ஆனா அதுக்கு முந்தி எம்புட்டு யோசிச்சிருக்காம் பாத்தியா' என்றார்.

நாகஜோதி


மதுரை,
15.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? வாந்தி எடுத்தாய் என்று படித்து வருத்தப்பட்டேன். வினோத் சொன்னது அத்தனையும் கட்டுக்கதை. குறுக்கு விசாரணை இன்னும் பாக்கி இருக்கிறது. வக்கீல் அவனைக் கிழித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

சித்திக்கு இரண்டு கார்டு போட்டேன். அவளிடமிருந்து ஒரு வரி இல்லை. எழுத வராவிட்டாலும் உன்னிடம் சொல்லி நாலு வார்த்தை எழுதச் சொல்லியிருப்பாளே. கையில் கொடுத்தாயா?

தம்பி
பால்பாண்டி


ராஜபாளையம்,
18.11.2024

அன்புள்ள தம்பி பால்பாண்டிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். பதில் போட இவ்வளவு நாள் ஆகிவிட்டதே என்று கோபப்படாதே. தீபாவளிக்கு நைட்டி ஆர்டர் குவிந்துவிட்டது, மெஷினை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பு வலி குறைந்ததா? நல்லநாளும் அதுவுமாக நீ அங்கே என்ன தின்றாயோ என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே நாங்கள் சௌக்கியம். சித்திக்குத்தான் உடம்பு சரியில்லை. கொஞ்ச நாளாகத் தலைசுத்துகிறது. தண்ணீர்க் குழாயில் நிற்கும்போது ஒரு தரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தெருவில் எல்லாருக்கும் தெரியும். உன் மச்சான்தான் பாவம், ஆஸ்பத்திரிக்கு இரண்டு தரம் கூட்டிப் போய் வந்தார். டாக்டர் ஏதோ மாத்திரை எழுதியிருக்கிறார். அதை வேளை தவறாமல் அவரே எடுத்துக் கொடுக்கிறார். முன்னெல்லாம் அவளோடு முகம் கொடுத்துப் பேசாத மனுஷன், இப்போது அவ்வளவு கவனிப்பு.

கீழே நாலு வழிச்சாலை வேலையால் ஒரே புழுதி. அதனால் அவள் படுக்கையை மாடி ரூமுக்கு மாற்றியிருக்கிறோம். காற்றோட்டமாக இருக்கும். மாடிக் கைப்பிடிச்சுவர் பழசாகிவிட்டது என்று இடித்துப் போட்டிருக்கிறார். கொத்தனார் கிடைத்ததும் கட்ட வேண்டும்.

இன்னொன்றும் உன் காதில் போட்டு வைக்கிறேன். ஜெயசித்ரா ஏதோ பேப்பரோடு வந்து சித்தியிடம் கையெழுத்து வாங்கிப் போனாள். வீட்டைத் தன் பேருக்கு மாற்றப் போகிறாள் போல. அப்படி நடந்தால் நமக்கு ஒரு செங்கல் கிடைக்காது. சித்திக்குப் பிள்ளை கிடையாது, அவளுக்குப் பின்னால் அது நம் இரண்டு பேருக்கும்தான் வர வேண்டும் என்று மச்சான் விசாரித்து வந்திருக்கிறார். நீ வெளியே வந்தால் உனக்கும் தலைசாய்க்க ஓர் இடம் வேண்டாமா?

என்றும் அன்புள்ள அக்கா
நாகஜோதி


மதுரை,
25.11.2024

அக்காவுக்கு,

பால்பாண்டி. உடம்பு, வலி எல்லாம் பிறகு.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். வினோத் குறுக்கு விசாரணையில் அடியோடு மாற்றிப் பேசிவிட்டான். தனக்கு ஒன்றும் தெரியாது, சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன் என்று கையை விரித்துவிட்டான். அவனை விட்டால் அவர்களிடம் வேறு சாட்சி இல்லை. தை மாதத்துக்குள் விடுதலை என்று வக்கீல் அடித்துச் சொல்கிறார்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். அதை நாலைந்து தரம் படித்துவிட்டேன். தலைசுத்துகிற மனுஷியை எந்த வீட்டில் மாடியில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பார்கள்? அதுவும் முழங்கால் போனவளை? கைப்பிடிச்சுவரை யார் இடித்தது, எப்போது இடித்தது? சித்தி மாடிக்குப் போவதற்கு முன்பா, போன பிறகா? அவளுக்கு நிஜமாகவே தலைசுத்தல் முதலில் வந்ததா, தெருவில் பேச்சு முதலில் வந்ததா?

இதற்கு மட்டும் பதில் எழுது. உடனே எழுது. அதற்கு முன்னால் சித்தியைக் கீழே கொண்டுவந்து படுக்க வை. புழுதியில் யாரும் சாகமாட்டார்கள். அவளை ஜெயசித்ராவோடு ஆலங்குளத்துக்கு அனுப்பினாலும் சரி.

பால்பாண்டி


ராஜபாளையம்,
20.12.2024

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் அப்படியே. விடுதலை ஆகப் போகிறாய் என்று படித்ததும் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. மச்சானும் சந்தோஷப்பட்டார். 'வரட்டும், எல்லாம் சேந்து பேசிக்குவோம்' என்றார்.

மார்கழி பிறந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிற பஸ்ஸெல்லாம் கூட்டம். எதிர்த்த வீட்டு அக்கா தினமும் வாசலை அடைத்துக் கோலம் போடுகிறாள், எனக்குத்தான் குனிய முடியவில்லை. தளவாய்புரம் கம்பெனியில் பொங்கலுக்குப் பீஸ் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். பூப்போட்ட துணி, கழுத்தில் லேஸ் வைக்க வேண்டும். மெஷினுக்கு மோட்டார் மாட்டியாயிற்று, இப்போது கால் வலி இல்லை.

சித்தி இருக்கிறாள். தலைசுத்தல்தான் குறைந்த பாடில்லை. பனியில் மாடி வழுக்கும், விடியக்காலம் வெளியே வராதே என்று படித்துப் படித்துச் சொல்கிறோம், தெருவில் எல்லாருக்கும் கேட்கத்தான் சொல்கிறோம், கேட்க மாட்டேன் என்கிறாள்.

தை பிறந்தால் எல்லாம் ஒரு முடிவுக்கு வரும். நீயும் வந்துவிடுவாய்.

அன்பு அக்கா
நாகஜோதி


மதுரை,
26.12.2024

அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் படிக்கிற ஆபீசர் அய்யாவுக்கு முதலில் ஒரு வார்த்தை. அய்யா, மற்ற கடிதம் மாதிரி புரட்டிப் பார்த்து முத்திரை குத்திவிடாதீர்கள். நின்று படியுங்கள். ராஜபாளையத்தில் பிச்சையம்மாள் என்று ஒரு பொம்பளை இருக்கிறாள். என் சித்தி. அவளைக் கொல்வதற்கு வீட்டிலேயே ஏற்பாடு நடக்கிறது. செய்கிறவர் என் அக்காள் புருஷன் சமுத்திரம். என் அக்காளுக்கும் தெரியும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அது என்னுடைய வேலை. நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே, ஒரு சுழி பிசகாமல் செய்கிறார்கள்.

அக்கா, கேஸ் பொய்யில்லை. ஐயாதுரை முதலாளியை நான்தான் தள்ளினேன். அவருக்கு முன்னாலும் ஆட்கள் உண்டு. அவற்றைத் தனியாக எழுதிக் கொடுக்கிறேன்.

என்னிடம் வந்தவர்களில் ஒருத்தர்கூடக் 'கொல்' என்று சொன்னதில்லை. 'அவியளும் எம்புட்டு நாளைக்குத்தான் கஷ்டப்படுவாவ' என்று ஆரம்பிப்பார்கள். பெற்ற தகப்பனைப் பற்றிப் பேசிக்கொண்டே எனக்கு வடை எடுத்து வைப்பார்கள். ஒரு வீட்டில் மருமகள் காப்பிக்குச் சீனி போதுமா என்று கேட்டுவிட்டு, மாமனார் எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார் என்று சொன்னாள். உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றி 'இருந்தாரு, சாப்பிட்டாரு' என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். அதுவரை எரிந்து விழுந்த வீட்டில் திடீரென்று கவனிப்பு கூடிவிடும். மாத்திரை எடுத்துக் கொடுப்பார்கள், படுக்கையை மாற்றிப் போடுவார்கள். அதைப் பார்க்கிறபோது எனக்கே குமட்டும். குமட்டினாலும் வாங்கிக்கொள்வேன். அவர்களை விட நான் மேல் என்று நினைத்துக்கொண்டே வாங்கிக்கொள்வேன். நான் கூலிக்காரன், அவர்கள்தான் பெற்றவனைத் தின்கிறவர்கள் என்று மனசைத் தேற்றிக்கொள்வேன்.

தலைசுத்தல் நான் கண்டுபிடித்தது. விழப் போகிற ஆளைப் பற்றி ஊர் முதலிலேயே பேசிவிட்டால், விழுந்த பிறகு ஊரே சாட்சி சொல்லிவிடும். ஒரு போஸ்ட்மார்ட்டம்கூட ஒழுங்காக நடக்காது. வினோத் கூண்டில் நின்று அதைச் சொன்னபோது, நீ வாந்தி எடுக்க வெளியே போனாய். மச்சான் உள்ளே இருந்து பாடம் கேட்டிருக்கிறார்.

தோப்பில் அன்றைக்கு விடிந்தும் விடியாமலும் போனேன். பெரியவர் மோட்டார் போட வந்தார். என்னைத் தேங்காய் வெட்ட வந்த ஆள் என்று நினைத்துக்கொண்டார். கிணற்று ஓரத்தில் நான் கால் வைத்ததும், 'பாத்து நில்லுலே, பாசி கெடக்கு, வழுக்கிரும்' என்று என் கையைப் பிடித்தார். பிடித்த கையோடுதான் தள்ளினேன். துஷ்டி வீட்டுக்கும் போனேன், போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று. மகன்கள் இரண்டு பேரும் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பெரியவரைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்து வருகிறபோது சின்னவன் என் பக்கத்தில் வந்து, அழுகையை நிறுத்தாமலே கேட்டான். 'மோட்டார் ரூம் சாவி அப்பா மடியில இருந்துச்சா, தண்ணிக்குள்ள போயிட்டா?'

அந்தக் குரல்தான் அக்கா, உன் போன கடிதத்தில் இருக்கிறது. லேஸ் வைத்த நைட்டி, எதிர்த்த வீட்டுக் கோலம், நடுவில் சித்தி வழுக்கி விழப் போகிற மாடி. நான் கேட்ட எதற்கும் நீ பதில் எழுதவில்லை. இப்படி எழுதத் தெரிந்தவர்களோடுதான் நான் இத்தனை வருஷம் யாவாரம் பண்ணினேன்.

இது கோர்ட்டுக்குப் போகும். வக்கீல் தலையில் அடித்துக்கொள்வார். வினோத் மாற்றிப் பேசியதெல்லாம் வீணாகப் போகும். பேசாமல் இருந்தால் தையில் நான் வெளியே, வீட்டில் பாதி என் கையில். இரண்டு நாள் அதையும் நினைத்துப் பார்த்தேன், இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். நினைத்துப் பார்த்ததுதான் எல்லாவற்றையும் விட அசிங்கம்.

சித்தியைக் கீழே இறக்கு.

பால்பாண்டி


ராஜபாளையம்,
19.01.2025

பால்பாண்டிக்கு,

நான் உயிரோடுதான் இருக்கிறேன். தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கும்.

பொங்கலுக்கு முன்னால் வாசலில் போலீஸ் ஜீப். இன்ஸ்பெக்டர் எங்கள் வீட்டு மாடியில் ஏறி நின்று இடித்த சுவரைப் போட்டோ எடுத்தார். மாத்திரையை எடுத்துக்கொண்டு போனார். எதிர்த்த வீட்டில் விசாரித்தார். 'அந்தம்மாவுக்குத் தலசுத்துதுன்னு சமுத்திரம் அண்ணாச்சிதான் சொல்லும், நாங்க பாத்ததில்ல' என்று சொல்லிவிட்டாள் அந்தக் கோலக்காரி. உன் மச்சானை ஸ்டேஷனில் வைத்திருந்து, கேஸ் எழுதி, ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். இப்போது சர்க்கரை ஏறிப் படுத்துக் கிடக்கிறார். கம்பெனியில் பீஸ் கொடுப்பதை அடியோடு நிறுத்திவிட்டார்கள். சித்தி ஒரு பையோடு ஜெயசித்ரா வீட்டுக்குப் போய்விட்டாள்.

உனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஊரெல்லாம் கொன்றவன் எங்களைக் கைகாட்டுகிறாய். உன் கார்டு இரண்டும் என் தையல் மெஷின் டிராயரில்தான் இருக்கிறது. கொடுக்கவில்லை. கொடுக்கக் கூடாது என்று அவர் சொன்னார்.

நான் அவரிடம் வேண்டாம் என்று சொன்னேன். அதை நீ எழுதவில்லையே. ஒரு தரம் சொன்னேன். அவர் முறைத்தார், அதற்குப் பிறகு சொல்லவில்லை.

இனி உனக்கு அக்கா இல்லை.

நாகஜோதி


ஆலங்குளம்,
16.03.2025

பால்பாண்டி அண்ணனுக்கு,

ஜெயசித்ரா எழுதுகிறேன். உங்கள் சித்தி எனக்கும் சித்திதான். தான் சொல்லச் சொல்ல ஒரு சொல் மாற்றாமல் எழுத வேண்டும் என்கிறாள். இனி வருவது அவள் பேச்சு.

ஏலே பாண்டி, நான் நல்லாத்தான் இருக்கேன். தலயும் சுத்தல, ஒண்ணும் சுத்தல. அந்த மாத்திரைய நிறுத்துன பொறவு ஒரு நாகூட சுத்துனதில்ல. நீ சாப்புடுதியா? கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன், வாயில வந்துட்டு.

ஆயுள் தண்டனைன்னு தீர்ப்பு ஆயிட்டுன்னு சொன்னாவ. ஒங் கடுதாசியத்தான் கோர்ட்டுல பெருசா வச்சுப் பேசுனாவளாம். அத இன்ஸ்பெக்டரு எனக்கும் படிச்சுக் காட்டுனாரு. அந்தப் பெரியவரு ஒங் கையப் பிடிச்ச எடத்துல நிறுத்தச் சொல்லிட்டேன். அதுக்கு மேல கேக்க முடியல.

மாடியில கெடக்கும்போதே எனக்குத் தெரியும்லே. கைப்பிடிச்சுவரு இல்லாத மாடியில ஒருத்திய எதுக்கு ஏத்துவாவன்னு தெரியாமலா நான் மில்லுல அம்புட்டு வருசம் ஆம்பளையளோட மல்லுக்கட்டி வேல பாத்தேன். தெரிஞ்சுதான் கெடந்தேன். வளத்த பிள்ளையே சோத்த வச்சுட்டு மூஞ்சியப் பாக்காமப் போறா. பொறவு கீழ எறங்கி எங்க போக, யாருக்காகப் போகன்னு இருந்துச்சு.

ஒன்னால நான் பொழச்சேன்னு எல்லாரும் சொல்லுதாவ. எனக்கு அதக் கேட்டாலே கொமட்டுது. எந்த வீட்டுக் கெழவன எப்படி முடிக்கணும்னு தெரிஞ்சதாலதான ஒனக்கு எங் கதையும் தெரிஞ்சுது. நாலு பேரக் கொன்ன புத்தியில மிஞ்சுன உசுரு இது. எச்சிச்சோறு மாதிரி இருக்கு. துப்பவும் முடியல, முழுங்கவும் முடியல. ஒன்ன வந்து பாக்க மாட்டேன். இதுக்குப் பதிலும் போடாத.

ஒண்ணு மட்டும் சொல்லிருதேன். ஜெயசித்ரா கொண்டாந்தது வீட்டுப் பத்திரம் இல்ல. முதியோர் பென்சனுக்கு மனு. ஏட்டி என்ன பேப்பருன்னு நாகஜோதி ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேன். கேக்கல. போன வாரம் ராஜபாளையம் ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போயி வீட்ட அவ பேருக்கே எழுதி வச்சுட்டேன். அவ பேரு மட்டும்தான், அவ புருசன் பேரு கெடயாது. எனக்கு எதுக்குலே அந்த வீடு. இனி அதுல என்னால படுக்க முடியுமா.

கையெழுத்துப் போட வந்தவ தரையப் பாத்துக்கிட்டே நின்னா. 'ஏட்டி, இத நீ கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேன்லா'ன்னு சொன்னேன். அப்பதான் அழுதா. இத்தன வருசத்துல அந்த வீட்டுல ஒருத்தரும் எங்கிட்ட வாயத் தொறந்து ஒண்ணு கேட்டதில்ல.

அந்தப் பெரியவருகிட்டயும் அவரு மக்கமாரு கேட்டிருக்க மாட்டாவ. கேட்டிருந்தா தோப்பத் தூக்கிக் குடுத்திருப்பாரோ என்னமோ. அவியதான் கேக்கல. கெணத்து மேட்டுல செத்த நேரம் நீ அவருகூடத் தனியா நின்னியே பாண்டி. நீயாவது கேட்டிருக்கலாம்லே.

இப்படிக்கு
பிச்சையம்மாள்